போனஸை வேலைத்திறனோடு இணைப்பது ஊழியருக்கு நல்லதா?

'அடுத்த ஆண்டிலிருந்து எல்லாருக்கும் ஒரே போனஸ் கிடையாது, வேலைத்திறனைப் பார்த்துத்தான் என்கிறார்கள். இது நல்லதா?' என்று கேட்டிருக்கிறீர்கள். என்ன அளக்கப்போகிறார்கள் என்று தெரியாமல் நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது.

அமெரிக்காவில் கார் கண்ணாடி மாற்றித் தரும் சேஃப்லைட் நிறுவனம் 1994, 1995-இல் மணிக்கணக்குச் சம்பளத்தை விட்டு, பொருத்தும் கண்ணாடிக்கு இவ்வளவு என்ற முறைக்கு மாறியது. பொருளியலாளர் எட்வர்ட் லேசியர் ஆராய்ந்தபோது, தொழிலாளி ஒருவரின் உற்பத்தி 44 சதவீதம் கூடியிருந்தது. அவசரத்தில் அரைகுறையாகப் பொருத்திவிட்டுப் போகமாட்டார்களா? அதற்கும் வழி வைத்திருந்தார்கள்: சரியாகப் பொருத்தாமல் கண்ணாடி உடைந்தால், பொருத்தியவரே தன் நேரத்தில் மறுபடி மாற்றித்தர வேண்டும், புதுக் கண்ணாடிக்கான காசும் அவருடையதுதான். கடுமையான விதி. ஆனால் யார் செய்த வேலை, சரியாகச் செய்தாரா என்ற இரண்டுமே அங்கே தெளிவாகத் தெரிந்தன.

பெரும்பாலான அலுவலக வேலைகளில் அப்படித் தெரியாது. நான் முன்பு இருந்த வாடிக்கையாளர் சேவைப் பிரிவில், ஓர் அழைப்பை எத்தனை நிமிடத்தில் முடிக்கிறோம் என்பதை வைத்துத்தான் ஊக்கத்தொகை. சிக்கலான புகார் வந்தால் உடனே வேறு பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். இல்லையென்றால், "பார்த்துச் சொல்கிறோம்" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். பொறுமையாகக் கேட்டுத் தீர்த்து வைத்த ஒரு பெண்மணி மாதாமாதம் பட்டியலில் கடைசி. அப்புறம் மேலாளர் மாறினார். அதே வாடிக்கையாளர் ஒரு வாரத்துக்குள் அதே புகாரோடு மறுபடி அழைத்தால், முதலில் பேசியவர் கணக்கில் குறையும் என்று கொண்டுவந்தார். பட்டியல் அப்படியே தலைகீழானது. ஆட்கள் அதே ஆட்கள்தான்! அதுவரை அந்த அம்மாவுக்குக் கிடைக்காமல் போன பணத்தை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அளவுகோல் தவறினால் சேதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி ஒன்று போதும். வாடிக்கையாளர் தலையில் எத்தனை கணக்குகளைக் கட்டினாய் என்று நெருக்கியதில், ஊழியர்கள் வாடிக்கையாளர்களுக்கே தெரியாமல் அவர்கள் பெயரில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016-இல் 18.5 கோடி டாலர் அபராதம். அதற்குள் சுமார் 5,300 ஊழியர்களுக்கு வேலை போயிருந்தது.

சக ஊழியர்களை வரிசைப்படுத்தி, அடியில் இத்தனை பேர் கட்டாயம் இருந்தாக வேண்டும் என்ற முறை வருகிறதா என்றும் பாருங்கள். பக்கத்து இருக்கைக்காரருக்கு உதவினால் நமக்கு நஷ்டம் என்றாகிவிடும். மைக்ரோசாஃப்ட் இதை 2013-இல் கைவிட்டது.

எனவே இப்போதே மனிதவளப் பிரிவில் கேளுங்கள். எதை அளக்கிறார்கள், அது உங்கள் கையில் இருக்கிற விஷயம்தானா, சந்தை படுத்தால் அதற்கும் நீங்களா பொறுப்பு? பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவில் அளவுகோலைச் சொன்னால் அதற்கேற்ப வேலை செய்ய யாராலும் முடியாது.