ஓ.ஆர்.எஸ்-இலும் சர்க்கரைதானே, பழச்சாறு கொடுத்தால் என்ன?

கேள்வி: என் மகனுக்கு ஒன்றரை வயது. நான்கு நாள் இருந்த காய்ச்சலும் வாந்தியும் நின்றுவிட்டன. ஆனால் பால் குடித்த சற்று நேரத்தில் நுரையோடு தண்ணீராகப் போகிறான். ஆசனவாயைச் சுற்றிச் சிவந்திருக்கிறது. பழச்சாறு கொடுத்தாலும் அப்படித்தான். சர்க்கரை ஆகவில்லை என்றால் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) மட்டும் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். எந்தச் சர்க்கரை, எவ்வளவு அடர்த்தியில் என்பதுதான் இங்கே கணக்கு.

பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை இரண்டாக உடைத்தால்தான் குடல் உறிஞ்சும். உடைக்கும் லாக்டேஸ் நொதி, சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் மேற்பகுதிச் செல்களில் இருக்கிறது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா போன்ற வைரஸ்கள் அழிப்பது அந்த முதிர்ந்த செல்களைத்தான். அடியிலிருந்து சில நாட்களில் புதுச் செல்கள் ஏறி வந்துவிடும். ஆனால் அவற்றில் நொதி குறைவு. மற்ற சர்க்கரைகளை உடைக்கும் சுக்ரேஸ், மால்டேஸ் போன்றவையும் குறையும் என்றாலும், முதலில் போய்க் கடைசியில் திரும்புவது லாக்டேஸ்.

உடையாத லாக்டோஸ் தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்கு இறங்குகிறது. அங்குள்ள பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து வாயுவும் அமிலமும் உண்டாக்கும். நுரைக்குக் காரணம் வாயு, சிவப்புக்குக் காரணம் அமிலம். மலத்தின் பி.ஹெச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இருந்து, சர்க்கரையும் தென்பட்டால், லாக்டோஸ் செரிக்கவில்லை என்ற சந்தேகம் வலுக்கும். பரிசோதனைக்கு மலத்தின் நீர்ப்பகுதி வேண்டும். டயப்பர் உறிஞ்சியது போக மிஞ்சியதை வழித்துக் கொடுத்தால் முடிவு தவறாக வரலாம்.

பழச்சாற்றில் சர்க்கரையின் அடர்த்தி அதிகம். ஆப்பிள், பேரிக்காய்ச் சாறுகளில் சரியாக உறிஞ்சப்படாத சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருளும் உண்டு. இரண்டுமே தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும்.

ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டரில் இருப்பது 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, கொஞ்சம் பொட்டாசியமும் சிட்ரேட்டும். குளுக்கோஸை உடைக்க நொதி தேவையில்லை. குடல் செல்லிலுள்ள ஒரு கடத்திப் புரதம் ஒரு குளுக்கோஸோடு இரண்டு சோடியத்தையும் சேர்த்தே உள்ளே எடுக்கும். பின்னாலேயே தண்ணீரும் போகும். வயிற்றுப்போக்கிலும் இந்த வழி பெரும்பாலும் அடைபடுவதில்லை. ருசிக்காகக் கூடுதலாகச் சர்க்கரை போட்டால் மட்டும் காரியம் கெடும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். ஒவ்வொரு முறை தண்ணீராகப் போனதும் 50 முதல் 100 மி.லி. வரை, கரண்டி கரண்டியாக.

தாய்ப்பால் குடிக்கிறான் என்றால் நிறுத்தாதீர்கள். மற்ற பாலை ஓரிரு வாரம் குறைத்துத் தயிர் அல்லது லாக்டோஸ் நீக்கிய பால் கொடுத்துப் பாருங்கள். குழைய வெந்த சோறும் உருளைக்கிழங்கும் தாராளமாகக் கொடுக்கலாம். மாவுச்சத்தைத் துண்டாக்கும் அமைலேஸ் பெரும்பாலும் கணையத்திலிருந்து வருவதால் வைரஸ் அதைத் தொடுவதில்லை. பட்டினி போட்டால் போக்கு குறைந்ததுபோலத் தெரியும், ஆனால் குடல் ஆறுவது தாமதமாகும். துத்தநாக மருந்து இன்னும் தொடங்கவில்லை என்றால் மருத்துவரிடம் கேட்டு, நாளுக்கு 20 மி.கி. வீதம் 10 முதல் 14 நாள் கொடுங்கள்.

மலத்தில் ரத்தம், குழி விழுந்த கண்கள், சிறுநீர் குறைவு, சோர்ந்து தூங்கிக்கொண்டே இருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தொடங்கிய நாளிலிருந்து 14 நாள் ஆகியும் போக்கு நிற்காவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும், நேரில் காட்டுங்கள்.