டி அண்ட் டி ஆடும்போது எத்தனை செஷனுக்கு ஒரு லெவல் குடுக்கலாம்?

டி அண்ட் டின்னா டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், டேபிளைச் சுத்தி உக்காந்து ஆளாளுக்கு ஒரு பாத்திரமா கதை சொல்லி டைஸ் உருட்டி ஆடுற ஆட்டம், ஒரு தடவை கூடி ஆடினா ஒரு செஷன், பாத்திரம் பலசாலியா ஏறுற படிதான் லெவல். நீங்க கேள்வில சொன்னதை வச்சு பாத்தா மாசம் ரெண்டு சனிக்கிழமை ஆடுறீங்க, நாலு ப்ளேயர்ஸ், 12 செஷன் முடிஞ்சாச்சு, புக்ல இருக்குற எக்ஸ்பி (ஜெயிச்சா கிடைக்குற அனுபவப் புள்ளி) டேபிளை அப்படியே ஃபாலோ பண்றீங்க, இன்னும் எல்லாரும் லெவல் 4லயே நிக்கிறாங்க, ஒருத்தர் வர்றதையே குறைச்சுக்கிட்டாரு. ஆமாங்க, ரொம்ப மெதுவாதான் போகுது. 2014ல வந்த டிஎம் (கதையை நடத்துறவர்) கைடுலயே எக்ஸ்பி வேணாம்னா செஷனை எண்ணி லெவல் குடுங்கன்னு ஒரு வழி இருக்கு, முதல் செஷன் முடிஞ்சதும் லெவல் 2, அடுத்த செஷன்ல 3, அப்புறம் ரெண்டு செஷன்ல 4, அதுக்கு மேல ரெண்டு மூணு செஷனுக்கு ஒரு லெவல். அந்தக் கணக்குல நீங்க இப்ப 6லேருந்து 8க்குள்ள எங்கயாவது இருந்திருக்கணும்.

ஆனா நம்பரை மட்டும் மாத்தினா பிரச்சினை தீராது. நான் ரெண்டு தப்பும் பண்ணிட்டேன், முதல்ல ரொம்ப மெதுவா, அப்புறம் ரொம்ப வேகமா.

முதல் கேம்பெய்ன் (பல செஷனா ஓடுற ஒரு நீளக் கதை) குரோம்பேட்டைல ஃப்ரெண்ட் வீட்டு மொட்டை மாடி ரூம்ல, நாலு பேரு ஆட நான் டிஎம். எக்ஸ்பி ஒவ்வொண்ணும் நோட்ல எழுதி வகுத்துக் குடுப்பேன். நாலு கோப்லினை (குட்டிப் பூதம்) அடிச்சா மொத்தம் 200, ஆளுக்கு 50, லெவல் 2க்கு 300 வேணும், சோ அதே மாதிரி ஆறு சண்டை, அது ஓகே. ஆனா லெவல் 5லேருந்து 6க்கு போக ஆளுக்கு 7500 எக்ஸ்பி. ஒரு ஓகர் (பெரிய ராட்சசன்) 450தான், நாலு பேருக்கும் சேத்து கணக்கு போட்டா 67 ஓகர் அடிக்கணும்! எங்க செஷனோ சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பிச்சு எட்டு மணிக்கு முடியும், அதுல ஒருத்தன் ஓஎம்ஆர்லேருந்து டிராஃபிக்ல மாட்டி அஞ்சு மணிக்கு வருவான், ஒரு செஷனுக்கு ஒரு சண்டை, மிஞ்சிப் போனா ரெண்டு. மிச்ச நேரமெல்லாம் பேச்சுதான், அந்தப் பேச்சு எனக்கு உயிரு, அதுக்கு நான் எக்ஸ்பி குடுக்கல. அதோட விளைவு என்னன்னா ஒரு நாள் கதைல கோட்டை வாசல்ல ஒரு காவல்காரன்கிட்ட அரை மணி நேரம் பேசி சிரிச்சு அவன் பொண்ணு கல்யாணத்தைப் பத்தியெல்லாம் விசாரிச்சுட்டு கடைசில எங்க ஃபைட்டர் (சண்டை வீரனா ஆடுறவன்) என்னைப் பாத்து "டேய், இவனை உயிரோட விட்டா எக்ஸ்பி உண்டாடா?"ன்னு கேட்டான். இல்லைன்னு சொன்னேன். குத்திட்டான். அவன் மேல தப்பே இல்ல, எதுக்கு கூலி குடுக்குறோமோ அதைத்தான் ஆளுங்க செய்வாங்க. கொன்னாதான் எக்ஸ்பின்னு புக்லயும் இல்ல, துரத்தி விட்டாலும் பிடிச்சு வச்சாலும் ஜெயிச்சதாதான் கணக்கு, சண்டை இல்லாத சவாலுக்கும் டிஎம் நினைச்சா குடுக்கலாம், நான்தான் சரியா படிக்கல.

பழைய ஆட்டத்துல இது வேற மாதிரி இருந்துச்சு. 1974ல கைகாக்ஸும் ஆர்னெசனும் போட்ட முதல் டி அண்ட் டிலேருந்தே புதையல்லேருந்து கொண்டு வர்ற ஒவ்வொரு தங்கக் காசுக்கும் ஒரு எக்ஸ்பி, சோ ராட்சசனோட மோதாம நைசா காசை எடுத்துட்டு வெளிய வந்தவன்தான் கெட்டிக்காரன். வேகமும் கிளாஸுக்கு (பாத்திர வகை) கிளாஸ் வேற, 1981 பேசிக் ரூல்ஸ்ல லெவல் 2க்கு தீஃபுக்கு 1200 போதும், ஃபைட்டருக்கு 2000, மேஜிக் யூசருக்கு 2500, எல்ஃபுக்கு 4000. 2000ல வந்த மூணாவது எடிஷன்லதான் எல்லா கிளாஸுக்கும் ஒரே டேபிள் ஆச்சு. இதே மாதிரி இன்னொரு ஆட்டமான பாத்ஃபைண்டர் 2009ல ஸ்லோ, மீடியம், ஃபாஸ்ட்னு மூணு வேகம் குடுத்து நீயே எடுத்துக்கோன்னு விட்டுட்டாங்க. எல்லா டேபிளுக்கும் சேத்து ஒரே சரியான வேகம்னு ஒண்ணு என்னிக்குமே இருந்ததில்ல.

சரி, ரெண்டாவது கேம்பெய்ன். முதல்ல பட்ட பாட்டுக்கு பதிலா செஷனுக்கு ஒரு லெவல்னு அள்ளிக் குடுத்தேன், எல்லாரும் செம குஷி. எங்க விசார்ட் (மந்திரவாதியா ஆடுறவன்) லெவல் 5 வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் பாரிஸ் கார்னர்ல ஒரு ஃபேன்சி கடைல எட்டு சிவப்பு டி6 (ஆறு பக்க டைஸ்) வாங்கி, அவங்க அம்மாவோட பழைய குங்குமச் சிமிழ்ல போட்டு எடுத்துட்டு வந்தான். ஃபயர்பாலுக்கு (லெவல் 5ல கிடைக்குற நெருப்பு மந்திரம்) எட்டு டி6 உருட்டணும்ல, அதுக்கு. அன்னிக்கு கதை ஊர்ச் சந்தைல ஒரு திருட்டைத் துப்பறியறதா போச்சு, ஃபயர்பால் போட இடமே இல்ல. அடுத்த செஷன் லெவல் 6, கப்பல் பயணம், கப்பல்ல நெருப்பு போட முடியுமா? அதுக்கடுத்தது லெவல் 7, அதைவிட பெரிய ஸ்பெல்லே கைக்கு வந்துடுச்சு. நாலு செஷன் அந்தச் சிமிழை டேபிள்ல தன் பக்கத்துல வச்சிருந்து திறக்காமலே திருப்பி எடுத்துட்டு போனான். அவன் ஒண்ணும் சொல்லல, எனக்குதான் மனசு கேக்கல.

அதுக்கப்புறம்தான் நான் எக்ஸ்பியையும் எண்ணாம செஷனையும் எண்ணாம டிக் போட ஆரம்பிச்சேன். 1978 ரூன்குவெஸ்ட், 1981 கால் ஆஃப் கதுலுன்னு இதே மாதிரி வேற ரெண்டு ஆட்டத்துல லெவலே கிடையாது, ஒரு ஸ்கில்லை யூஸ் பண்ணி ஜெயிச்சா பக்கத்துல ஒரு டிக், அட்வென்ச்சர் முடிஞ்சதும் டிக் இருக்குற ஸ்கில்லுக்கு ஒரு டைஸ் ரோல், அந்த ரோல் உங்க ஸ்கில்லை *தாண்டினா* அது ஏறும், அதனால கத்துக்குட்டி சீக்கிரம் ஏறுவான், கைதேர்ந்தவன் மெதுவா ஏறுவான், எவ்ளோ அழகான யோசனை பாருங்க! அதை நான் இப்படி மாத்திக்கிட்டேன்: ஒரு லெவல் ஏறினதும் ஒவ்வொருத்தருக்கும் புதுசா என்ன வந்துச்சுன்னு நோட்ல ஒரு வரி எழுதிக்குவேன், அதை அவங்க கதைல உருப்படியா யூஸ் பண்ணும்போதெல்லாம் ஒரு டிக். நாலு பேருக்கும் ஆளுக்கு மூணு டிக் விழுந்தா அடுத்த லெவல். யாருக்காவது விழலைன்னா அது அவங்க குறை இல்ல, அடுத்த செஷன்ல அவங்களுக்கு ஒரு இடம் வைக்க வேண்டியது என் வேலை.

லெவல் 1, 2க்கு இந்த டிக்கெல்லாம் வேணாம், ஒரு அடில செத்துடுவாங்க, சீக்கிரம் தாண்டிடுங்க. 5லேருந்து 8 வரைக்கும் கொஞ்சம் நிதானமா போங்க, ஆளுங்க பலசாலியாவும் இருப்பாங்க, பயமும் இருக்கும். லெவலை செஷன் முடிவுல அறிவிங்க, ஷீட் (பாத்திரத்தோட விவரத் தாள்) மாத்துறதெல்லாம் வாரத்துல வாட்ஸ்அப்ல முடிச்சுக்கலாம். வர முடியாதவருக்கும் அதே லெவல் குடுங்க, அதுல கறார் காட்டாதீங்க, நைட் ஷிஃப்ட்டும் வீட்டு விசேஷமும் அவர் கைல இல்ல. இன்னொண்ணு, செஷன் கணக்குல மூணுக்கு ஒரு லெவல்னு போனாக்கூட 20 வர 52 செஷன், மாசம் ரெண்டுன்னா ரெண்டு வருஷத்துக்கும் மேல, அதுக்குள்ள யாராவது ஒருத்தர் பெங்களூரோ ஆன்சைட்டோ போயிடுவாங்க. அதனால கதையை 8லயோ 10லயோ முடியற மாதிரி பிளான் பண்ணி அதை ப்ளேயர்ஸ்கிட்ட இப்பவே சொல்லிடுங்க.

உங்களுக்கு நான் சொல்றது, வர்ற சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்காம இன்னிக்கே குரூப்ல எல்லாரும் லெவல் 5ன்னு போட்டுடுங்க, வர்றதை குறைச்சுக்கிட்டாரே அவருக்கு மட்டும் மெசேஜ் போடாம ஃபோன் பண்ணியே சொல்லுங்க. லெவல் 1ல இவங்களை ஓட ஓட விரட்டியிருக்கக்கூடிய ஒரு கோப்லின் கூட்டத்தைக் கொண்டு வாங்க, பத்து இருபது பேரா, ஒரு குறுகலான பள்ளத்தாக்குல நெருக்கமா நிக்க வைங்க. ஃபைட்டர் இருந்தா இப்ப ஒரு டர்ன்ல ரெண்டு தடவை அடிப்பாரு. 2014 புக்ல ஒரு கோப்லினுக்கு 7 எச்பி (உயிர்ப் புள்ளி), ஃபயர்பால் சராசரி 28, சேவ் (தப்பிக்கப் போடுற ரோல்) ஜெயிச்சு பாதி டேமேஜ்னாலும் 14. உங்க குரூப்ல விசார்ட் இருந்தா டி6 எட்டு இருக்கான்னு மட்டும் முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க, இல்லைன்னா நீங்க வாங்கிட்டுப் போங்க.