மலைக்கு வந்த மட்டி: சாப்பிடலாமா, குளத்தில் விடலாமா?

கேள்வி: நாங்கள் கந்தப்பளைப் பக்கம் கோவா, லீக்ஸ், உருளைக்கிழங்கு போடுகிறோம். பத்து முட்டைக் கோழியும் உண்டு. புத்தளத்தில் வேலை செய்யும் தம்பி பண்ணையில் வளர்த்த மட்டி இரண்டு கிலோ கொண்டுவந்தான். மகள் ஐந்து மாதக் கர்ப்பம். இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொன்னார்கள். அவளுக்கு மட்டி கொடுக்கலாமா? பாத்திக்குக் கீழே இருக்கும் தண்ணீர்க் குளத்தில் அதை வளர்க்க முடியுமா?

பதில்: குளத்துக் கதையை முதலில் முடித்துவிடுவோம். முடியாது. மட்டி உப்புத் தண்ணீரில் வாழும் சிப்பி இனம். உங்கள் குளத்தில் விட்டால் சில நாளில் செத்து நாறும். நன்னீரில் வாழும் சிப்பிகளும் உண்டு, ஆனால் அந்தக் குளத்தில் அவற்றையும் வளர்த்துச் சாப்பிட வேண்டாம். மட்டிக்கு யாரும் தீனி போடுவதில்லை. தண்ணீரை உள்ளே இழுத்து, வடிகட்டி, அதில் கிடைப்பதைத் தின்னும். நீங்கள் கோவாவுக்கு அடிக்கும் மருந்து, போடும் உரம், மேலே லயத்து மலசலகூடத்திலிருந்து கசிவது எல்லாம் மழையோடு எங்கே இறங்குகிறது? அந்தக் குளத்துக்குத்தானே.

பண்ணை மட்டியும் இப்படித்தான்: எந்தத் தண்ணீரில் நின்றதோ அதன் குணம் அதற்கு. நல்ல பண்ணைகள் பிடித்த மட்டியைச் சுத்தமான கடல்நீரில் ஒன்றிரண்டு நாள் விட்டு வயிற்றைக் கழுவ வைக்கும். பக்டீரியாக் கிருமி பெரும்பாலும் போய்விடும், வைரஸ் அவ்வளவு லேசில் போகாது. ஈயம், கட்மியம் போன்ற உலோகங்களும் கடலில் கண்ணுக்குத் தெரியாத சில நுண்பாசிகளின் நஞ்சும் கழுவினாலும் போகா, வேகவைத்தாலும் போகா. அதனால் மட்டி எந்த இடத்தில் வளர்ந்தது, விற்க முன் கழுவி எடுத்தார்களா என்று தம்பியிடம் கேளுங்கள். தெரியாது என்றால், மகளுக்குக் கொடுக்காதீர்கள்.

சத்து விஷயத்தில் மட்டி லேசுப்பட்டதல்ல. வெந்த சதை 100 கிராமில் ஏறக்குறைய 25 கிராம் புரதம். விட்டமின் பி12 ஒருவருக்கு ஒரு நாளுக்கு வேண்டிய அளவைப் போல பல மடங்கு. ஆனால் இரும்புச்சத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்க உணவு அட்டவணைகளில் முன்பு 28 மில்லிகிராம் என்று இருந்ததைப் பிறகு 3 மில்லிகிராமுக்குள் குறைத்துவிட்டார்கள். பழைய கணக்கைத்தான் இன்னும் பலர் பகிர்கிறார்கள். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 27 மில்லிகிராம் வேண்டும். ஆகவே மட்டி நல்ல கறி, மருந்து அல்ல. கிளினிக்கில் தந்த இரும்புக் குளிசையை நிறுத்த வேண்டாம். சாப்பாட்டோடு ப்ளேன்டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் அதை ஒரு மணித்தியாலம் தள்ளுங்கள். தேயிலைச் சாயம் இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைக்கும். றால், நண்டு ஒத்துக்கொள்ளாதவளாக இருந்தால் மட்டியும் வேண்டாம்.

இனி சமையல். மலையில் இதுதான் முக்கியம். உங்களுக்குப் பக்கத்து நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். மட்டியில் ஒட்டியிருக்கும் வைரஸ் சாக, சதைக்குள் 90 பாகை சூடு ஒன்றரை நிமிடமாவது நிற்க வேண்டும். ஓடு வாய் திறந்ததும் வெந்துவிட்டது என்று இறக்குவதுதான் வழக்கமான தவறு. சதை வேக முன்னமே ஓடு திறந்துவிடும். திறந்த பிறகும் மூடியைப் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். பிரஷர் குக்கர் இருந்தால் இன்னும் நல்லது. சதை கொஞ்சம் ரப்பர் மாதிரி இழுக்கும், பரவாயில்லை. பாதி வெந்த மட்டியை லேசாக நினைக்காதீர்கள்: 1988-இல் சாங்காய் நகரில் அப்படிச் சாப்பிட்டு ஏறக்குறைய மூன்று லட்சம் பேருக்கு மஞ்சட்காமாலை வந்தது.

அடுப்பில் வைக்க முன் ஒவ்வொன்றையும் பாருங்கள். வாய் திறந்திருப்பதை விரலால் தட்டினால் மெதுவாக மூட வேண்டும். மூடாவிட்டால் செத்தது, எறியுங்கள். வெந்த பிறகும் திறக்காததைக் கத்தியால் நெம்பாதீர்கள், அதையும் எறியுங்கள். அடுத்த முறை தம்பி கொண்டுவரும்போது பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டாமல், ஈரச் சாக்கில் சுற்றி, ஐஸுக்கு மேலே வைக்கச் சொல்லுங்கள். ஐஸ் உருகிய தண்ணீர் கீழே வடிய வேண்டும். உப்பில்லாத தண்ணீரில் ஊறினாலும் மட்டி சாகும்.

ஓட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். உப்புப் போகக் கழுவி, நன்றாக அவித்துக் காயவைத்து, அரிசி அளவுக்கு உடைத்துத் தனிச் சட்டியில் வையுங்கள். கோழி தனக்கு வேண்டியதைக் கொத்தும், முட்டை ஓடு தடிக்கும். மிச்சத்தை மாவாக இடித்தால் புளிப்பு மண்ணுக்குச் சுண்ணாம்பு மாதிரி உதவும். வேர் விரல் விரலாக வீங்கும் கோவாப் பாத்திக்கு அது நல்லது, ஆனால் இரண்டு கிலோ மட்டி ஓடு ஒரு மூலைக்குக்கூடக் காணாது. புளிப்பு மண்ணுக்குப் போடும் டொலமைட் சுண்ணாம்புத் தூளை விட்டுவிட வேண்டாம். உருளைக்கிழங்குப் பாத்திப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். மண்ணில் புளிப்புக் குறைந்தால் கிழங்கில் சொறி விழும்.