குரல் நின்றுவிட்டது, மறதி போகவில்லை: ஸ்கேன் எடுக்கணுமா?

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறேன். மகனுக்கு 26 வயது. ஆறு வருடமாக மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான். காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் மூன்று சாமான் வாங்கி வரச் சொன்னால் ஒன்றோடு வருகிறான். "மூளை ஸ்கேனில் ஞாபகசக்தி எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிடும், மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் அது வேண்டும், 18 ஆயிரம் ஆகும்" என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. இந்த மறதியைச் சதவீதமாகச் சொல்லும் ஸ்கேன் எதுவும் கிடையாது. காகிதமும் பென்சிலும் போதும். உளவியல் நிபுணர் 7, 2, 9 என்பார். பையன் 9, 2, 7 என்று கடைசியிலிருந்து தலைகீழாகச் சொல்ல வேண்டும். அப்புறம் நான்கு எண், ஐந்து எண். பத்துப் பதினைந்து சொற்களை வாசித்துவிட்டு எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்பார். எவ்வளவு படித்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எட்டாவதோடு நின்றவனைப் பட்டதாரியோடு ஒப்பிட்டால் மார்க் குறையத்தான் செய்யும்.

குரல் அடங்குகிற அளவுக்குக் கவனமும் நினைவும் மாத்திரையால் திரும்புவதில்லை. நோயின் குணமே அது. பையன் சோம்பேறி என்று திட்டாதீர்கள்.

ஆனால் ஒன்று. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். டிரைஹெக்சிஃபெனிடில் என்று இருக்கிறதா? குரலை அடக்கும் மாத்திரையால் வரும் கை நடுக்கத்துக்குக் கொடுப்பது. அதுவே ஞாபகத்தை மந்தமாக்கும். என்றோ நடுங்கியதற்கு எழுதியதை, சீட்டில் 'ரிப்பீட்' என்று கிறுக்கிக் கிறுக்கியே வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம் என்றால் யார் கேட்பார்கள், நடுக்கம் இன்னும் இருக்கிறதா என்று? டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். சிலருக்கு அது இன்றும் தேவைப்படும்; சிலருக்கு மெல்லக் குறைக்கலாம். குறைத்தால், சோதனையை அதன் பிறகு வைத்துக்கொள்வது நல்லது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், உடம்பு விறைத்துக்கொள்ளும். குரலை அடக்கும் மாத்திரையில் கையே வைக்கக் கூடாது.

சான்றிதழுக்குப் பார்ப்பது நான்கு விஷயம்: தன்னைக் கவனித்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை. கூடவே நோய் எத்தனை வருடம் என்பது. பாதிப்பு 40 சதவீதம் என்று வந்தால் போதும். அந்தப் படிவத்தில் ஸ்கேனுக்குக் கட்டமே இல்லை, விண்ணப்பத்துக்குக் கட்டணமும் இல்லை. இதை ஒரு போர்டில் எழுதி வாசலில் மாட்டினால் பாதிப் புரோக்கர்கள் ஓடிவிடுவார்கள். மாட்ட மாட்டார்கள்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். தூக்கக் கலக்கத்தோடு இருக்கிற நாளில் வேண்டாம். பழைய சீட்டுகள், மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். அந்த மூன்று சாமான் விஷயத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அங்கே போனதும் நமக்கே மறந்துவிடும்.