அலாஸ்கா கிராமத்து ஹைஸ்கூல்: பழங்குடிப் பிள்ளைகளின் படிப்பு பற்றி கேள்வி பதில்

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், கஸ்கோக்விம் ஆற்றங்கரையில் யூப்பிக் என்ற பழங்குடி மக்களின் கிராமம் ஒன்றில் ஆறு வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். ஊருக்கு ரோடு கிடையாது. கோடையில் படகு, பனிக்காலத்தில் ஸ்னோமொபைல், மற்றபடி சின்ன விமானம். அங்குள்ள படிப்பு பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பிரியா, கோவை: டீச்சர், ஊருக்குள்ளேயே ஹைஸ்கூல் இருப்பதை ஏன் இவ்வளவு பெரிய விஷயமாகச் சொல்கிறார்கள்?

அது போராடி வாங்கியது, அதனால்தான். 1970கள் வரை பெரும்பாலான பூர்வகுடிக் கிராமங்களில் படிப்பு எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். மேலே படிக்க வேண்டுமென்றால் பதினான்கு வயதுப் பிள்ளை வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். சிட்கா நகரத்து விடுதிப் பள்ளிக்குப் போனவர்கள் உண்டு, ஓரிகன், ஒக்லஹோமா போன்ற தூரத்து மாநிலங்கள் வரை போனவர்களும் உண்டு. இலையுதிர் காலத்தில் போனால் வசந்தத்தில்தான் திரும்புவார்கள்.

1972ல் இதை எதிர்த்து ஒரு வழக்கு போட்டார்கள். எமோனாக் என்ற ஊரைச் சேர்ந்த மோலி ஹூட்ச் என்ற யூப்பிக் பெண்ணின் பெயரில்தான் அந்த வழக்கு இன்றும் பேசப்படுகிறது. 1976ல் மாநில அரசு சமரசத்துக்கு வந்தது. 126 கிராமங்களில், ஊர் மக்கள் வேண்டுமென்றால், ஹைஸ்கூல் திறக்க ஒப்புக்கொண்டது. அலாஸ்காவுக்குப் பெட்ரோலிய எண்ணெய்ப் பணம் வரத் தொடங்கிய காலம் என்பதால் கட்டவும் முடிந்தது.

என் பக்கத்து வீட்டுப் பாட்டி அதற்கு முந்தைய தலைமுறை. தூரத்து விடுதியில் நான்கு வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது, ஊலுவாக் என்ற அரைவட்டக் கத்தியால் சால்மனைப் பிளக்க அவருக்குக் கை வரவில்லையாம். அம்மா திட்டவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து காட்டிக் கொடுத்தாராம். "அம்மா கண்ணைப் பார்க்கவே முடியவில்லை" என்று அவர் சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

செந்தில், திருச்சி: இருபது முப்பது பிள்ளைகளுக்கு ஒரு ஹைஸ்கூலா? பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி எல்லாம் யார் எடுப்பது?

நியாயமான கேள்வி. என் பள்ளியில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மொத்தம் 22 பேர். கணக்கோடு அறிவியலும் நான்தான். சில பாடங்கள் வீடியோ வழியாக நடந்தன. ஆய்வுக்கூடம் போதவில்லை. இதை மூடிமறைக்க மாட்டேன். இன்றைக்கும் சில பிள்ளைகள் சிட்காவில் உள்ள மாநில அரசின் உறைவிடப் பள்ளிக்குத் தாங்களே விரும்பிப் போகிறார்கள். வேறு வழியில்லாமல் அனுப்பப்படுவது வேறு, விரும்பிப் போவது வேறு.

கவிதா, சென்னை: பண்பாட்டோடு இணைந்த கல்வி என்றால் ஆண்டுவிழாவில் பாரம்பரிய நடனம் ஆடுவது மாதிரியா?

இல்லை கவிதா. நடனம் நல்லதுதான், ஆனால் அது ஒரு நாள் கூத்து. 1998ல் அலாஸ்கா பூர்வகுடிக் கல்வியாளர்கள் கூடி, தங்கள் பள்ளிகள் எப்படி இருக்க வேண்டும் என்று வரையறைகள் வகுத்தார்கள். மாணவர், ஆசிரியர், பாடத்திட்டம், பள்ளி, ஊர் என்று ஐந்துக்கும் தனித்தனியாக உண்டு. ஊருக்கும் கடமை வைத்தார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். மீன் காயப் போடும் பந்தல் ஒன்று கட்ட வேண்டும். ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக வரும்படி கயிற்றால் அளந்து நான்கு மூலையிலும் குச்சி நட்டார். பிறகு அதே கயிற்றை ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு இழுத்துப் பிடித்து முடிச்சுப் போட்டார். மற்ற இரண்டு மூலைகளுக்கும் அதே கயிறு. முடிச்சு ஒரு சாண் தள்ளி விழுந்தது. ஒன்றும் பேசாமல் குச்சிகளைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி இழுத்தார். மூன்றாவது தடவை முடிச்சு சரியாகக் குச்சிமேல் விழுந்தது. நம் ஊர் கொத்தனார் மூலைமட்டம் பார்ப்பதும் இப்படித்தான்.

மறுநாள் வகுப்பில் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: முடிச்சு விழுந்தால் அது செவ்வகம்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? மூலைவிட்டங்கள் சமமாக உள்ள இணைகரம் செவ்வகமே என்ற நிரூபணத்தை அவர்களே போட்டார்கள், இரண்டு நாள் பிடித்தது. பாடப்புத்தகத்தில் இருப்பதும் அதே தேற்றம்தான். ஆனால் இங்கே அதைத் தெரிந்து வைத்திருந்தவர் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியின் தாத்தா.

அருண், மதுரை: அங்கே பிள்ளைகளே புது எண்களைக் கண்டுபிடித்தார்கள் என்று படித்தேன், உண்மையா?

உண்மைதான். ஆனால் அது வடக்குக் கடலோரத்தில் காக்டோவிக் என்ற ஊர், மக்கள் இனூப்பியாக். அவர்கள் மொழியில் எண்ணுவது இருபது இருபதாக. இருபதுக்கான சொல்லிலேயே முழு மனிதன் என்ற பொருள் இருக்கிறது: கைவிரல் பத்து, கால்விரல் பத்து. வழக்கமான எண்களில் அதை எழுதத் தோதுப்படவில்லை. 1994ல் அந்த ஊர் நடுநிலை வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியரோடு உட்கார்ந்து இருபது குறிகளை உருவாக்கினார்கள். ஒன்று என்றால் கீழே ஒரு கோடு, ஐந்து என்றால் மேற்பகுதியில் ஒரு படுக்கைக் கோடு. ஏழு என்றால் மேலே ஒன்று, கீழே இரண்டு. ஏழும் ஏழும் கூட்டினால் மேலே இரண்டு, கீழே நான்கு. பதினான்கு கண்ணுக்கே தெரிந்துவிடும். 2022ல் கணினி எழுத்துகளுக்கான ஒருங்குறியிலும் (யூனிகோட்) இந்தக் குறிகள் சேர்ந்துவிட்டன.

ஷாஹிதா, நாகூர்: தாய்மொழியில் படித்தால் இங்கிலீஷ் பின்தங்கிவிடாதா அக்கா?

பெற்றோர் எல்லோருக்கும் இந்தப் பயம் உண்டு. அமெரிக்காவிலேயே நவஹோ என்ற பழங்குடி மக்களின் ஃபோர்ட் டிஃபையன்ஸ் ஊரில் 1986ல் தாய்மொழி வழி வகுப்புகள் தொடங்கினார்கள். நாலாம் வகுப்பு வந்தபோது அந்தப் பிள்ளைகள் உள்ளூர் ஆங்கிலத் தேர்வுகளில் மற்றவர்களுக்குச் சமமாக இருந்தார்கள், கணக்கில் முந்தியும் இருந்தார்கள். எங்கள் பக்கம் பெத்தல் நகரத்தில் யூப்பிக் வழிப் பள்ளி இருக்கிறது. ஆனால் இதெல்லாம் சின்ன வயதிலேயே தொடங்க வேண்டும். என் ஹைஸ்கூல் பிள்ளைகளில் பலர் பாட்டி யூப்பிக்கில் கேட்டதைப் புரிந்துகொண்டு இங்கிலீஷில் பதில் சொன்னார்கள். பாட்டி முகம் அப்போது எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

மணிகண்டன், சேலம்: வெளியிலிருந்து போகும் ஆசிரியர் முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

புருவத்தைப் பார்க்க. முதல் மாதம் ஒரு பையன் நான் கேட்டதற்கெல்லாம் பதிலே சொல்லவில்லை என்று நினைத்து வருத்தப்பட்டேன். அவன் ஒவ்வொரு தடவையும் புருவத்தை உயர்த்தி 'ஆமாம்' என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தான். அப்புறம், கேள்வி கேட்டால் காத்திருங்கள். மௌனம் அங்கே யோசிக்கும் நேரம். கோடையில் மீன்பிடி முகாமுக்குக் கூப்பிட்டால் போங்கள். ஒன்றிரண்டு வருடத்தில் கிளம்பிவிடும் ஆசிரியர்களைப் பார்த்துப் பார்த்து அந்தப் பிள்ளைகள் மனம்விட்டுப் பழகவே தயங்குகிறார்கள். மூன்றாம் வருடம் நான் திரும்பி வந்தபோதுதான் ஒருத்தி "மறுபடி வந்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

பெயர் வேண்டாம், ஜவ்வாது மலை: நான் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியர். பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் எனக்கில்லை. என்னால் என்ன முடியும் மேடம்?

பாடத்திட்டத்தைத் தொடாமலே நிறைய முடியும் சார். அறுவடை, திருவிழா நாட்களை ஊரிடம் கேட்டு, தேர்வு அட்டவணையில் உங்களுக்குள்ள இடத்தில் அனுசரியுங்கள். தேன் எடுப்பவரை, விதை காப்பவரை வகுப்புக்கு அழையுங்கள். அழைத்தால் சம்பளம் கொடுங்கள், பொன்னாடை போதாது. அலாஸ்காவில் பட்டம் இல்லாத பெரியவர்களும் மொழியும் பண்பாடும் கற்பிக்கத் தனி உரிமம் உண்டு. நம்மிடம் அது வரும்வரை பெற்றோர் கூட்டத்திலாவது அந்தத் தொகைக்குத் தீர்மானம் போடலாம். முடிந்தால் கூடலூரில் ஆதிவாசிப் பிள்ளைகளுக்காக நடக்கும் வித்யோதயா பள்ளிக்கு ஒருமுறை போய் வாருங்கள். போகும்போது தனியாகப் போகாதீர்கள், ஊர்ப் பெரியவர் ஒருவரையும் மாணவர் இருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.