பறவைகளை எண்ணினால் போதாதா? ஆண்டிஸ் மலையில் கூடு தேடுவது எதற்கு?

ஆண்டிஸ் மலைப் பறவைகளைக் காக்க நினைப்பவர்கள் அவற்றைக் கணக்கெடுத்தால் போதாதா, மாதக்கணக்கில் காட்டில் கிடந்து கூடு தேடுவதால் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரு நாட்டில், ஆண்டிஸின் கிழக்குச் சரிவில் உள்ள கோஸ்ஞிபாட்டா பள்ளத்தாக்கில், ஓர் இனப்பெருக்கப் பருவம் முழுவதும் ஆய்வுக் குழு ஒன்றுக்கு உதவியாளனாகக் கூடு தேடியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். இன்று எத்தனை பறவைகள் உயிரோடு இருக்கின்றன என்பதைக் கணக்கெடுப்பு சொல்லும். தம் இடத்தை நிரப்பக் குஞ்சுகளை அவை வளர்த்து விடுகின்றனவா என்பதைக் கூடுதான் சொல்லும்.

அந்தப் பள்ளத்தாக்கின் மேகக்காட்டில், அதாவது மேகம் தவழும் ஈரமான மலைக்காட்டில், ஒவ்வொரு கிளையும் பாசியைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. பல சிறு பறவைகள் கூடு கட்டுவதும் அதே பாசியால்தான். ஆகவே அங்கே யாரும் கூட்டைத் தேடுவதில்லை, பறவையைத்தான் தேடுகிறார்கள். அலகில் நார்த்துணுக்கையோ புழுவையோ கவ்விக்கொண்டு ஒரு பறவை ஒரே திசையில் இரண்டாம் முறை பறந்தால், அங்கேயே அசையாமல் உட்கார்ந்து அது எங்கே மறைகிறது என்று பார்க்க வேண்டும். முதல் பத்து நாள்களில் நான் கண்டது ஒரே ஒரு கூடு. அதுவும் முந்தைய பருவத்தில் கைவிடப்பட்டது. பெருவின் தேசியப் பறவையான பாறைச்சேவலின் ஆண்கள் விடியற்காலையில் கூடி ஆடும் இடத்தைச் சுற்றுலா வழிகாட்டிகள் அனைவரும் அறிவார்கள். ஆனால் பெண், ஆணின் உதவி சிறிதும் இல்லாமல், ஓடையோரப் பாறையில் மண்ணோடு நார் கலந்து குழைத்து அப்பிக் கட்டும் கூட்டைக் காண்பதற்குக் குளிர்ந்த நீரில் இறங்கி நடந்தே ஆக வேண்டும்.

கண்ட கூட்டில் செய்யும் வேலை பொறுமையைக் கேட்பதே தவிரக் கடினமானதன்று. முட்டைகளுக்கு அடியில் நூல் போன்ற வெப்ப உணர்கம்பி ஒன்றை வைத்துவிட்டால், தாய் எழுந்து போகும்போதெல்லாம் வெப்பம் இறங்குவதைப் பதிவுக் கருவி குறித்துக்கொள்ளும். அதிலிருந்து அது ஒரு நாளில் எவ்வளவு நேரம் அடைகாத்தது, எத்தனை முறை இரை தேடிப் போனது என்று கணக்கிடலாம். கூட்டைச் சூறையாடுபவை எவை என்பதைத் தானியங்கிக் கேமரா காட்டிக்கொடுக்கும். பாம்பு, குரங்கு, மரநாய் போன்ற டைரா, சிறு டூக்கன் பறவை எனப் பட்டியல் நீளமானது.

கணக்கில்தான் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. முட்டையிட்ட மறுநாளே அழிந்துபோன கூடு நம் கண்ணில் படாது. நாம் காண்பவை ஏற்கெனவே சில நாள்கள் தப்பிப் பிழைத்தவை. ஆகவே பத்துக் கூடுகளில் ஐந்து தேறின என்று நேராக எழுதினால் அது பொய்க் கணக்காகிவிடும். 1961-ஆம் ஆண்டில் ஹரல்ட் மேஃபீல்ட் என்ற அமெரிக்கர், கூடுகளை எண்ணாமல், அவற்றைக் கவனித்த நாள்களை எண்ணும் முறையை முன்வைத்தார். ஒரு கூடு ஒரு நாளைத் தாண்டும் வாய்ப்பு 96 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் 30 நாள்களுக்குப் பெருக்கிப் பார்த்தால் நூற்றில் 29 கூடுகளே மிஞ்சும். இதைக் கையால் போட்டுப் பார்த்த அன்றுதான் எனக்கு இந்த வேலையின் மீது உண்மையான மதிப்பு வந்தது.

எண்ணிக்கையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதே பகுதியில் உள்ள பாண்டியகோயா மலைமுகட்டில் 1985-இல் எடுத்த கணக்கை 2017-இல் மீண்டும் எடுத்துப் பார்த்ததால்தான், உச்சியில் முன்பு சாதாரணமாகத் தென்பட்ட சில இனங்கள் மறைந்துவிட்டன என்பது தெரிந்தது. வெப்பம் கூடக் கூடப் பறவைகள் மேலே ஏறுகின்றன. உச்சியில் இருப்பவற்றுக்கு ஏற இடமில்லை. ஆனால் மறைந்தவை கூட்டில் தோற்றனவா, இரையில் தோற்றனவா என்பதை எண்ணிக்கை சொல்லாது.

நீண்ட நாள் வாழும் பறவைகளில் எண்ணிக்கை இன்னும் மோசமாக ஏமாற்றும். பிணந்தின்னிப் பெரும்பறவையான ஆண்டிஸ் காண்டோர் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடுகிறது. குஞ்சு பறக்கவே ஆறு மாதம் ஆகும், அது இணைசேரும் பருவத்தை எட்டப் பல ஆண்டுகள் ஆகும். 2018-இல் அர்ஜென்டினாவின் மெண்டோசா மாநிலத்தில் நஞ்சு வைத்த இறைச்சியைத் தின்று 34 காண்டோர்கள் ஒரே இடத்தில் இறந்தன. அந்த இழப்பை ஈடுகட்ட எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதை நீங்களே கணக்கிடலாம்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு கொலம்பியாவின் மஞ்சள்காதுக் கிளி. அது 60 மீட்டர் வரை வளரும் மெழுகுப்பனையின் பட்டுப்போன தண்டில் உள்ள பொந்தில் முட்டையிடுகிறது. அந்தப் பனையின் இளங்குருத்தைத்தான் மக்கள் குருத்தோலை ஞாயிறு ஊர்வலத்துக்காக வெட்டி வந்தார்கள். 1999-இல் டோலிமா மாநிலத்தின் ரொன்செஸ்வாயெஸ் அருகே 81 கிளிகள் கண்டறியப்பட்டபோது, அவற்றின் கூட்டைப் பற்றிய அறிவு இருந்ததால்தான் ப்ரோஅவேஸ் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பினரால் தேவாலயங்களோடு பேசி வேறு ஓலைகளைப் பயன்படுத்தச் செய்ய முடிந்தது. கிளிகள் பெருகின, 2010-இல் அவை மிக அருகிய இனங்களின் பட்டியலிலிருந்து ஒரு படி குறைந்த ஆபத்துள்ள பட்டியலுக்கு மாற்றப்பட்டன.

இங்கே பனைக்கும் அதே ஏமாற்று வேலை உண்டு. மேய்ச்சல் நிலங்களில் வானுயர மெழுகுப்பனைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் குறையொன்றும் தெரியாது. ஆனால் கீழே ஒரு கன்றுகூட இருக்காது, முளைத்ததையெல்லாம் மாடுகள் மேய்ந்திருக்கும். வேலியிட்டு இன்று காக்கப்படும் கன்று தண்டு விட்டு உயர்வதற்கே பல பத்தாண்டுகள் பிடிக்கும். பொந்து விழ வேண்டுமானால் அது வளர்ந்து முதிர்ந்து பட்டுப்போகவும் வேண்டும். அதுவரை கிளிகள் காத்திருக்க முடியாது என்பதால்தான் களப்பணியாளர்கள் மரப்பெட்டிகளைக் கயிறு கட்டி மேலே ஏற்றிப் பொருத்திவிட்டு, எந்தப் பெட்டியில் முட்டை இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டிருக்கிறார்கள்.