வண்டியோடு தனியாக

கேள்வி: என் உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். பைக்கை சென்டர் ஸ்டாண்டில் ஏற்ற ஒவ்வொரு முறையும் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கிறது. கை வலுவாக ஏதாவது பயிற்சி சொல்லுங்களேன், மேடம்.

பதில்: பயிற்சி செய்யுங்கள், நல்லதுதான். ஆனால் ஸ்டாண்டுக்காக வேண்டாம். நான் உங்களைவிட ஓர் அங்குலம் குறைவு. பணிமனையில் வேலை பழகச் சேர்ந்த முதல் வாரம், பின்பக்கக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைத் தூக்கினேன். வண்டி அசையவில்லை, இடுப்புதான் பிடித்துக்கொண்டது. அங்கிருந்த மூத்த மெக்கானிக் வேலையை நிறுத்தாமலே சொன்னார்: “அதை ஏம்மா தூக்குகிறாய்? ஸ்டாண்டின் மேல் ஏறி நில்.” அன்றைக்கு அது எரிச்சலாக இருந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சமதளத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டாண்டில் ஏறும்போது பின்சக்கரம் பின்னோக்கி உருள வேண்டும். கியரில் இருந்தால் உருளாது. வண்டியின் இடப்புறம் நில்லுங்கள். இடக்கையில் ஹேண்டில், வலக்கையில் சீட்டுக்குப் பக்கத்துக் கம்பி. வலது காலால் ஸ்டாண்டின் மிதியை அழுத்தித் தரையில் படவிடுங்கள்.

பெரும்பாலோர் தவறுவது அடுத்த நொடியில்தான். ஸ்டாண்டுக்கு இரண்டு கால்கள். வண்டி கொஞ்சம் உங்கள் பக்கம் சாய்ந்திருந்தாலும் ஒரு கால்தான் தரையைத் தொடும்; அந்த நிலையில் எவ்வளவு மிதித்தாலும் ஏறாது. அதனால் உடனே மிதிக்காதீர்கள். மிதியில் லேசாகக் காலை வைத்தபடி வண்டியை வலமும் இடமுமாக ஒரு விரல்கடை அசைத்துப் பாருங்கள். ‘டக்’ என்று ஒரு கால், ‘டக்’ என்று இன்னொரு கால். இரண்டும் சேர்ந்து உட்கார்ந்ததும் உள்ளங்காலுக்கு அடியில் அந்த ஆட்டம் நின்றுவிடும். அதுதான் அடையாளம். இப்போது மிதியின் மேல் படி ஏறுவதுபோல் முழு எடையையும் போடுங்கள். வலக்கை தூக்க வேண்டாம். பின்னோக்கிச் சற்று மேலே வழிகாட்டினால் போதும். வண்டி நேராக மேலே போவதில்லை, வளைந்து பின்னோக்கிப் போய் உட்காருகிறது.

விரல்நுனியால் மிதிக்காதீர்கள், பாதத்தின் நடுப்பகுதி படட்டும். செருப்பு வேண்டவே வேண்டாம். அப்படியும் கனமாகத் தோன்றினால் பின்சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். காற்று இறங்கிய வண்டி தாழ்ந்து நிற்பதால் ஏற்றுவதும் கடினம். எல்லாம் சரியாக இருந்தும் முடியவில்லையென்றால், விரல் பருமனுள்ள பலகை ஒன்றின் மேல் பின்சக்கரத்தை உருட்டி நிறுத்துங்கள். பலகை சக்கரத்துக்கு அடியில் மட்டும். ஸ்டாண்டின் கால்கள் தரையில். ஏற வேண்டிய உயரத்தில் பலகையின் பருமன் குறைந்துவிடும்.

இறக்கும்போது முதலில் சைடு ஸ்டாண்டை விரித்துவிட்டு, இடப்புறம் நின்றபடி ஹேண்டிலைப் பிடித்து முன்னால் தள்ளுங்கள். வலக்கையின் இரண்டு விரல்கள் முன் பிரேக்கின் மேல் தயாராக இருக்கட்டும். சீட்டில் உட்கார்ந்து ஓர் உந்து உந்தி இறக்குவது பார்க்க அழகு. கால் தரையில் முழுதாகப் படாத நம்மைப் போன்றவர்களுக்கு அந்த அழகு வேண்டாம்.

கேள்வி: சரிவில் சைடு ஸ்டாண்டில் நிறுத்திய வண்டி தானாக விழுந்துவிட்டது. ஸ்டாண்டில் கோளாறா?

பதில்: வண்டி இறக்கத்தைப் பார்த்து நின்றிருக்கும், கியரும் நியூட்ரலில் இருந்திருக்கும். சைடு ஸ்டாண்ட் பின்னோக்கி மடங்குவது. வண்டி முன்னால் உருண்டால் தானே மடங்கிக்கொள்ளும். முகம் மேட்டைப் பார்க்க நிறுத்தி, முதல் கியரில் போட்டு, ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்கத் திருப்பிவையுங்கள். மண்ணிலும் வெயிலில் இளகிய தாரிலும் ஸ்டாண்டின் நுனிக்கு அடியில் தட்டையாக ஏதாவது கொடுங்கள்.

கேள்வி: என் வண்டியில் சென்டர் ஸ்டாண்ட் கிடையாது. ஆயில் பார்க்கும் கண்ணாடி வலப்பக்கம் அடியில் இருக்கிறது. நிமிர்த்திப் பிடித்தால் கண்ணாடி தெரிவதில்லை, குனிந்து பார்த்தால் வண்டி சாய்கிறது. உதவிக்கு ஆள் இல்லை. சைடு ஸ்டாண்டில் வைத்துப் பார்த்தபோது கண்ணாடி காலியாக இருந்ததால் கால் லிட்டர் ஊற்றிவிட்டேன். சரிதானே?

பதில்: இல்லை. மறுபடி பார்க்கும்வரை அந்த வண்டியை ஓட்டாதீர்கள்.

சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாய்கிறது. உள்ளே இருக்கும் ஆயிலும் அந்தப் பக்கம் ஒதுங்கிவிடுகிறது. வலப்பக்கக் கண்ணாடி காலியாகத்தான் தெரியும். உங்கள் வண்டியில் ஆயில் குறையாமலே இருந்திருக்கலாம். ஆயில் கூடினால் என்ன என்று பலர் நினைக்கிறார்கள். மட்டம் ஏறினால் இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு அதை அடித்துக் கலக்கி நுரையாக்கும். நுரை சரியாக உயவு தராது. மிஞ்சியது இன்ஜினின் மூச்சுக்குழாய் (பிரீதர்) வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும், அழுத்தம் கூடி சீல்களில் கசியும், சைலன்சரில் புகை வரும்.

தனியாகப் பார்க்கும் வழி இது. வெட்டவெளியில், சமதளத்தில், முன்சக்கரம் சுவரைத் தொடும்படி நிறுத்துங்கள். இன்ஜினை 3 முதல் 5 நிமிடம் ஓடவிட்டு அணைத்து, 2 அல்லது 3 நிமிடம் காத்திருங்கள். மேலே ஏறிய ஆயில் கீழே வடிய வேண்டும். (நீங்கள் கூடுதலாக ஊற்றியிருப்பதால் இந்த முறை மட்டும் இன்ஜினை ஓட்டாமல், குளிர்ந்த நிலையிலேயே ஒரு தரம் பாருங்கள். துல்லியமாக இராது, ஆனால் கண்ணாடியில் உள்ள மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் தெரிந்துவிடும்.) மூடிய அறையில் இன்ஜினை ஓட்டாதீர்கள், அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

பிறகு உங்கள் ஃபோனில் விளக்கைப் போட்டு, வீடியோவை ஓடவிட்டு, கண்ணாடியைப் பார்த்தபடி வலப்பக்கத் தரையில் ஒரு செங்கல்லில் சாய்த்துவையுங்கள். வண்டியில் ஏறி உட்கார்ந்து, முன் பிரேக்கை அழுத்தி, மெதுவாக நிமிர்த்துங்கள். இரண்டு தொடைகளிலும் வண்டியின் எடை காணாமல் போகும் ஒரு புள்ளி உண்டு. அங்கே பத்து எண்ணும்வரை அசையாமல் இருந்துவிட்டு, மறுபடி சைடு ஸ்டாண்டில் சாய்த்து இறங்கி, வீடியோவைப் பாருங்கள். காலியாக இருந்த கண்ணாடியில் ஆயில் அடியிலிருந்து மெல்ல ஏறி நிற்பது தெரியும். இரண்டு கோடுகளுக்கு நடுவில் எங்கே நின்றாலும் போதும். மேல்கோட்டைத் தொட்டே ஆக வேண்டும் என்ற ஆசை தேவையில்லை.

கூடியிருந்தால், ஊற்றும் வாய் வழியாக மெல்லிய குழாய் பொருத்திய பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்கலாம். பெரும்பாலான வண்டிகளில் குழாய் எட்டும். குறைந்திருந்தால் ஒரு தடவைக்கு 50 மில்லி மட்டும் ஊற்றிவிட்டு மறுபடி பாருங்கள். சைடு ஸ்டாண்டுக்கு அடியில் கட்டை வைத்து வண்டியை நிமிர்த்தும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மறுபக்கம் விழும் வண்டியைத் தாங்க அங்கே ஸ்டாண்ட் இல்லை.

கேள்வி: ஆயில் மட்டம் பார்க்கும் ஸ்டிக்கைத் திருகிப் பார்க்க வேண்டுமா, சும்மா வைத்துப் பார்க்க வேண்டுமா? ஆயில் கறுத்துவிட்டால் கெட்டதா?

பதில்: பெரும்பாலான வண்டிகளில் துடைத்துவிட்டுத் திருகாமல் வைத்துத்தான் பார்க்க வேண்டும். திருகினால் மரையின் நீளத்துக்கு ஸ்டிக் இன்னும் ஆழமாக இறங்கி, இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். சில வண்டிகளில் திருகித்தான் பார்க்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் ஒரு வரி இருக்கும், அதுவே முடிவு. கறுப்பு நிறத்துக்குப் பயப்பட வேண்டாம், அழுக்கை ஆயில் சுமந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அதை மெக்கானிக்கிடம் காட்டிக் கேளுங்கள். கியர் பைக்கில் கார் ஆயிலை ஊற்றாதீர்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்சும் அதே ஆயிலில்தான் ஊறுகிறது, வழுக்க ஆரம்பித்துவிடும். டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ (JASO MA) அல்லது ‘எம்ஏ2’ (MA2) இருக்கிறதா என்று பாருங்கள்; ஆயிலில் ஊறும் கிளட்சுக்கு ஏற்றது என்பதன் குறி அது.

கேள்வி: ஸ்டாண்டிலிருந்து வண்டி சரிந்தால் எப்படிப் பிடிப்பது?

பதில்: சரியத் தொடங்கும்போதே இடுப்பைக் கொடுத்துத் தாங்க முடிந்தால் தாங்குங்கள். அதைத் தாண்டிவிட்டால் கையை விட்டுவிட்டு ஒதுங்குங்கள். ஒருமுறை நான் விடாமல் பிடித்தேன். வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. என் கால் கட்டைவிரலின் நகம் முளைக்க ஆறு மாதம் ஆயிற்று.

விழுந்த வண்டியைத் தனியாக எடுக்கலாம். இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போடுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்னதாகவே விரித்துவையுங்கள். மறுபக்கம் போய்விடாமல் அது பிடிக்கும். தரையைத் தொடும் கைப்பிடி டேங்கை நெருங்கும்படி ஹேண்டிலைத் திருப்பி, சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்துங்கள். ஒரு கையில் அந்தக் கைப்பிடி, மறுகையில் பின்பக்கக் கம்பி. முதுகு நேராக இருக்க, கால்களால் எழுந்து சிறு சிறு அடியாகப் பின்னோக்கி நடங்கள்.

எழுந்ததும் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். பெட்ரோல் சிந்தியிருக்கும், கிடந்த நேரத்தில் ஆயிலும் இடம் மாறியிருக்கும். சற்று நேரம் நிற்கவிட்டு ஆயில் மட்டத்தைப் பாருங்கள். ஃபோனை எந்தப் பக்கம் சாய்த்துவைப்பது என்பதுதான் தெரியுமே.